கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தீர்களா?

வாசகர் கேள்விகளும் சேவையர் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான். யாழ்ப்பாணம் ரவுனுக்குள் காணி விலை கேட்டால் தலை சுற்றுகிறது, வெளியே எங்கே போகலாம், போனால் தினமும் வேலைக்கு வந்து போகலாமா என்று. முப்பது வருசத்துக்கு மேல் இந்தக் குடாநாட்டின் ஒழுங்கைகளைச் சங்கிலி பிடித்து அளந்தவன் என்ற உரிமையில் பதில் எழுதுகிறேன். நான் சட்டத்தரணி இல்லை. காணி உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், எழுதும் நாள் வந்தால் நீங்களாகத் தெரிவு செய்த நொத்தாரிசிடம் போங்கள், விற்கிறவர் கூட்டிக்கொண்டு வருகிறவரிடம் இல்லை.

கேள்வி: நானும் மனைவியும் திருநெல்வேலியில் வாடகைக்கு இருக்கிறோம். எனக்கு ரவுனில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை, மனைவி போதனா வைத்தியசாலையில் தாதி. மூத்தவன் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். கையில் 45 இலட்சம் இருக்கிறது, மிச்சத்துக்குக் கடன் எடுக்கலாம். நல்லூர்ப் பக்கம் முக்கால் பரப்பில் (16 பரப்பு ஒரு ஏக்கர்) ஒரு சின்ன வீட்டுக்கு ஒரு கோடியே 30 இலட்சம் சொல்கிறார்கள். மீசாலையில் 3 பரப்புக் காணியோடு ஒரு பழைய ஓட்டு வீடு 75 இலட்சத்துக்கு வருகிறது. சொந்தக்காரர்கள் "விசரோ, அவ்வளவு தூரம் போறதோ" என்கிறார்கள். எதை எடுப்பது ஐயா?
– பெயர் வேண்டாம், திருநெல்வேலி

தம்பி, முதலில் கணக்கைப் பார்ப்போம், சொந்தக்காரர்களின் வாயைப் பிறகு பார்க்கலாம். வட்டி 13 வீதம், தவணை 15 வருசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலட்சத்துக்கு மாதம் ஏறத்தாழ 1,265 ரூபா கட்ட வேண்டி வரும். நல்லூர் வீட்டுக்கு 85 இலட்சம் கடன், மாதம் ஒரு இலட்சத்து 7 ஆயிரத்துக்கு மேல். மீசாலைக்கு 30 இலட்சம், மாதம் 38 ஆயிரம். இது நீங்களும் போட்டுப் பார்த்த கணக்காகத்தான் இருக்கும். நீங்கள் போடாத கணக்கு முத்திரைத் தீர்வை. உறுதி முடிக்கும்போது விலையின் முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 75 இலட்சத்துக்கு அது 2 இலட்சத்து 99 ஆயிரம், ஒரு கோடியே 30 இலட்சத்துக்கு 5 இலட்சத்து 19 ஆயிரம். அதோடு நொத்தாரிசுக் கட்டணம், அளவைப் படம், தரகர். பழைய வீட்டைத் திருத்த ஒரு 10 இலட்சமாவது ஒதுக்குங்கள். ஆக மீசாலைக்கும் உங்களுக்கு 45 இலட்சம் அளவில் கடன் வரும், மாதம் 57 ஆயிரம். அப்படிப் பார்த்தாலும் நல்லூருக்குப் பாதிதான்.

13 வீதம் என்று நான் போட்டது ஒரு பேச்சுக்கு. 2022 இன் கடைசியில் வட்டி 25 வீதத்தையும் தாண்டி நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். வட்டி எத்தனை வருசத்துக்கு நிலையாக இருக்கும், அதன் பிறகு எதை வைத்து மாறும் என்று வங்கியில் எழுத்தில் கேளுங்கள். மனைவி அரச ஊழியர் என்பதால் அரச ஊழியர் சொத்துக்கடன் பற்றி அவருடைய அலுவலகத்தில் முதலில் விசாரிக்க வேண்டும். உங்களுக்கு ஊழியர் சேமலாப நிதியில் 10 வருசப் பங்களிப்பும் கணக்கில் 3 இலட்சத்துக்குக் குறையாத தொகையும் இருந்தால், வீட்டுத் தேவைக்கு 30 வீதம் வரை முன்கூட்டியே எடுக்க வழி இருக்கிறது. கடன் குறைந்தால் நிம்மதி கூடும்.

அடுத்தது தூரம். மீசாலை யாழ்ப்பாணத்தில் இருந்து இருபது கிலோமீற்றர் அளவு. மோட்டார் சைக்கிளில் ஒருவர் மாதம் 24 நாள் போய் வந்தால் ஆயிரம் கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். லீற்றருக்கு 45 கிலோமீற்றர், லீற்றர் 300 ரூபா என்று பார்த்தால் ஆறாயிரத்துச் சொச்சம். இரண்டு பேரும் தனித்தனியாக ஓடினால் 13 ஆயிரம். இதையும் சேர்த்தாலும் மீசாலைதான் மலிவு. ஆனால் நான் யோசிக்கிறது காசை இல்லை, இரவு வேலை முடித்து வருகிற உங்கள் மனைவியை. மீசாலை என்பது ஒரு ஊரின் பெயர் மட்டும்தான், வீடு இருக்கிற இடம் அந்தப் பெயரில் தெரியாது. கண்டி வீதியில் பஸ்ஸால் இறங்கின இடத்தில் இருந்து வீட்டுப் படலை எவ்வளவு தூரம்? அந்த ஒழுங்கையில் எத்தனை லைற் எரிகிறது? இரண்டு பக்கமும் பனங்காணியாக ஆள் நடமாட்டம் இல்லாமல் முக்கால் கிலோமீற்றர் கிடந்தால், அந்த முக்கால் கிலோமீற்றர் கண்டி வீதியின் இருபது கிலோமீற்றரை விட நீளம்.

மீசாலையில் ரயில் நிலையம் இருக்கிறது என்று தரகர் கட்டாயம் சொல்லியிருப்பார். ஓம், இருக்கிறது. 2014 ஒக்ரோபரில் ரயில் மறுபடி யாழ்ப்பாணத்துக்கு வந்த பிறகு அந்தப் பாதையோரக் காணிகளுக்கெல்லாம் "ஸ்ரேசன் கிட்ட" என்று ஒரு விலை ஏறியது. ஆனால் தடவை குறைவு. கொழும்புக்குப் போகிற ரயில் உங்கள் வேலை நேரத்தைப் பார்த்து ஓடாது. எந்த ரயில் அந்த நிலையத்தில் நிற்கிறது, அது உங்கள் நேரத்துக்குப் பொருந்துமா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் வீட்டின் விலையில் ஸ்ரேசனுக்காக ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

அச்சவாரம் கொடுக்க முதல் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு கிழமைக்கு, இப்போது இருக்கிற வாடகை வீட்டில் படுத்து எழும்பாமல், மீசாலையில் தெரிந்தவர்கள் யாரிடமாவது தங்கி அங்கிருந்து இரண்டு பேரும் வேலைக்குப் போய் வாருங்கள். இரவு வேலை வருகிற கிழமையாக இருந்தால் இன்னும் நல்லது. வெள்ளிக்கிழமை பின்னேரம் நாவற்குழிப் பாலம் தாண்டி வருகிறபோது உங்கள் மனைவியின் முகத்தைப் பாருங்கள், பதில் அதிலேயே இருக்கும். சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைக்கு இடமாற்றம் கேட்க முடியுமா என்பதையும் யோசியுங்கள். கிடைத்தால் பாதிப் பிரச்சினை போய்விட்டது. பிள்ளைக்கு சாவகச்சேரி இந்துக் கல்லூரியும் டிறிபேக் கல்லூரியும் இருக்கின்றன. ரவுன் பள்ளிக்கூடம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால் மூன்றாவது ஆளுக்கும் பயணக் கணக்குப் போட வேண்டும், எட்டு வயதுப் பிள்ளைக்கு அது வெறும் காசுக் கணக்கு இல்லை.

பழைய ஓட்டு வீடு என்றீர்கள். அந்தக் காலத்து வீடுகளில் கூரையைத் தாங்கும் வளையும் ஓடு கிடக்கும் சிலாகையும் பனையாகத்தான் இருக்கும். வைரம் ஏறின பனை என்றால் உங்கள் பேரப்பிள்ளை காலத்திலும் நிற்கும், இளம் பனை என்றால் கறையான் உள்ளால் தின்றுவிட்டு வெளித்தோலை மட்டும் விட்டிருக்கும். ஒரு சாவியை எடுத்து வளையின் சுவரோரப் பக்கத்தில் குத்திப் பாருங்கள், மெத்தென்று இறங்கினால் கூரை முழுக்கப் போட வேண்டும், என்ரை 10 இலட்சம் காணாது. சுவரின் அடியில் இரண்டடி உயரத்துக்குச் சாந்து பொரிந்து வெள்ளை பூத்திருந்தால் உப்பு ஏறியிருக்கிறது. புதுப் பெயின்ற் அடித்த வீடு என்றால் இன்னும் வடிவாகப் பாருங்கள், விற்கிறதுக்கு முதல் கிழமை கீழ்ப்பக்கம் மட்டும் பெயின்ற் அடித்த வீடுகள் எனக்குத் தெரியும்.

இன்னொன்று, பழைய வீட்டுக்குக் கட்டட அனுமதிப் படம் இருக்குமா என்பது சந்தேகம். காணி உறுதி சரியாக இருந்தாலும் அந்தப் படம் இல்லை என்று வங்கி இழுத்தடிக்கலாம். நீங்கள் பேசின விலைக்கும் வங்கி கடன் தராது, தன்னுடைய மதிப்பீட்டாளர் போட்ட பெறுமதியில் ஒரு பகுதிக்குத்தான் தரும். ஆகவே வங்கியில் பேசின பிறகுதான் அச்சவாரம். சோலைவரி நிலுவை இல்லை என்பதற்குப் பிரதேச சபையில் ஒரு கடிதமும் எடுத்து வையுங்கள்.

நானாக இருந்தால்? ஒழுங்கை நல்லது, தண்ணீர் நல்லது, கூரை நல்லது என்றால் மீசாலை. முக்கால் பரப்பில் மதிலோடு மதிலாக இருந்துகொண்டு மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் கட்டுவதை விட மூன்று பரப்பும் ஒரு பலா மரமும் எனக்குப் பெரிது. ஆனால் நான் ஓய்வு பெற்றவன், இரவு வேலைக்குப் போகிறவன் இல்லை. அதையும் சேர்த்து வாசியுங்கள்.

கேள்வி: இணுவிலில் ஒரு வீடு பிடித்திருக்கிறது. ரவுனுக்குப் பத்துப் பதினைந்து நிமிசம், விலையும் அந்தப் பகுதிக்குக் குறைவு. தாய் தகப்பன் இல்லை, ஐந்து பிள்ளைகளின் பேரில் இருக்கிறது. இரண்டு பேர் கனடா, ஒருவர் ஜேர்மனி, இரண்டு பேர் இங்கே. இங்கே இருக்கிற தம்பி "எல்லாருக்கும் சம்மதம், என்னிடம் அற்றோணித் தத்துவம் இருக்கு" என்கிறார், மற்றவர்களுக்காகக் கையொப்பம் வைக்கிற அதிகாரப் பத்திரமாம். விலை குறைவாக இருப்பதே எனக்குப் பயமாக இருக்கிறது.
– ஓர் ஆசிரியை, கோண்டாவில்

பிள்ளை, உங்கள் பயம் நல்ல பயம், அதை விட்டுவிடாதீர்கள்.

இருபது வருசத்துக்கு முந்திய ஒரு சம்பவம் சொல்கிறேன், ஊர் வேண்டாம். இதே மாதிரி ஒரு காணி, நாலு சகோதரங்கள், அற்றோணித் தத்துவத்தோடு ஒருவர். நான் மூன்றாவது கட்டை அடித்துக்கொண்டு நிற்கிறேன், பக்கத்து வளவு ஆச்சி கிடுகு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து "என்ன தம்பி அளக்கிறியள், விக்கப் போகினமோ" என்றா. ஓம் என்றேன். "பெரியவன் லண்டனிலை செத்து இரண்டு வருசம், அவன்ரை பெடியளுக்குச் சொன்னவையோ?" சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். தத்துவம் கொடுத்தவர் செத்த நிமிசத்தோடு அந்தத் தத்துவமும் செத்துப்போகிறது, தாளில் எத்தனை முத்திரை இருந்தாலும். அந்த ஆச்சி எட்டிப் பார்க்காமல் விட்டிருந்தால் வாங்க வந்த பாவி மனிதன் அம்பிட்டிருப்பான்.

ஆகவே ஐந்து பேரும் உயிரோடு இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும்தான், கேளுங்கள். மூன்று பேரோடும் காணொளி அழைப்பில் முகம் பார்த்துக் கதையுங்கள். "காணி விற்கிறது தெரியுமா, என்ன விலைக்கு என்று தெரியுமா" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வியில்தான் சில இடங்களில் வெடிக்கும். தத்துவங்கள் அந்தந்த நாட்டுத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தப்பட்டனவா, இங்கே பதியப்பட்டிருக்கின்றனவா, விற்கும் அதிகாரம் அதில் எழுதியிருக்கிறதா, இல்லை பராமரிக்க மட்டுமா என்பதை நொத்தாரிசு பார்க்கட்டும். ஒருவர் இறந்திருந்து அவருடைய பிள்ளைகள் வயது வராதவர்கள் என்றால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் அந்தப் பங்கை விற்க முடியாது. அப்படி என்றால் இப்போதே வேறு வீடு பாருங்கள், அந்த வழக்கு முடிய உங்கள் ஓய்வூதியம் வந்துவிடும்.

அடுத்தது நம்முடைய தேசவழமை, யாழ்ப்பாணத்தாரின் வழமைச் சட்டம். வட மாகாணத்துக் காணி என்றால் முன்கொள்வனவு உரிமை என்று ஒன்று இருக்கிறது, 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். பங்காளி ஒருவர் தன் பங்கை வெளியாளுக்கு விற்கப் போனால் மற்றப் பங்காளிகளுக்கும், அவர் இறந்தால் உரித்தாளியாக வரக்கூடியவர்களுக்கும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் விற்றால் அவர்கள் பிறகு நீதிமன்றம் போய் அந்த விற்பனையை மாற்றித் தாங்கள் வாங்கக் கேட்கலாம். உங்கள் விசயத்தில் ஐந்து பேரும் ஒரே உறுதியில் விற்பனையாளர்களாகக் கையொப்பம் வைத்தால் பங்காளிச் சிக்கல் பெருமளவு தீரும். நாலு பேர் இப்போது, ஐந்தாவது ஆள் கோடை லீவுக்கு வந்து வைப்பார் என்ற கதை வேண்டாம். அந்த ஐந்தில் ஒரு பங்கு வராமல் போனால் நீங்கள் வாங்கியது வீடு இல்லை, ஒரு பங்கு வழக்கு.

பெண் சகோதரங்கள் விற்கிறார்கள் என்றால் அவர்களுடைய கணவன்மாரும் எழுத்தில் சம்மதம் கொடுக்க வேண்டும். 1911 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது அது. இது சரியா பிழையா என்று நான் ஒரு பக்கம் எழுதுவேன், ஆனால் இன்றைக்கு உங்களுக்கு அது தேவையில்லை. பழைய சீதன உறுதி என்றால் யாருக்காவது சீவிய உரித்து, அதாவது உயிரோடு இருக்கும் வரை அனுபவிக்கிற உரிமை, வைத்து எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது வருசத் தோம்பு (காணிப் பதிவேடு) தேடச் சொல்லுங்கள். அந்த இடைவெளியில் இந்த மண்ணில் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். இடம்பெயர்ந்த காலத்தில் யார் யாரோ இருந்த வீடுகள் உண்டு.

உறுதியின் அட்டவணையைக் கடைசி வரி வரை வாசியுங்கள். "கிணற்றிலும் வழி வாய்க்காலிலும் பங்கு" என்று ஒரு வரி வரும். அந்தக் கிணறு யாருடைய வளவில் இருக்கிறது, எத்தனை வீட்டுக்குப் பங்கு, வழி எத்தனை அடி அகலம் என்று எழுதியிருக்கிறதா? ஆறடி ஒழுங்கை என்றால் சீமெந்து லொறி உள்ளே வராது, மண்ணும் கல்லும் லாண்ட்மாஸ்டரில் (இரண்டு சில்லுச் சின்ன உழவு இயந்திரம்) துண்டு துண்டாக ஏற்றிப் பறிக்க வேண்டி வரும், கூலி இரட்டிப்பு. அந்த வீட்டு விலை குறைந்ததற்குக் காரணம் இவ்வளவுதான் என்றால் பயப்படாமல் வாங்கலாம்.

கேள்வி: கிளிநொச்சியில் அரை ஏக்கர், ரவுனில் அரைப் பரப்பு வாங்குகிற காசுக்கு! ரயிலில் வந்து போகலாம் என்று யோசிக்கிறேன். காணிக்கு உறுதி இல்லை, அனுமதிப்பத்திரம்தான், சத்தியக்கடதாசி (சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கும் தாள்) முடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள்.
– இளைஞர், அரியாலை

வேண்டாம் தம்பி.

சரி, காரணமும் சொல்கிறேன். கிளிநொச்சியில் பெரும்பாலான குடியேற்றக் காணிகள் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்டவை. அனுமதிப்பத்திரம் வைத்திருக்கிறவர் அங்கே இருந்து பயிர் செய்யலாம், வீடு கட்டலாம், ஆனால் காணி அரசுடையது. அனுமதிப்பத்திரத்துக்கு அடுத்த படியான அளிப்புப் பத்திரம் கிடைத்த காணி என்றாலும் விற்க பிரதேச செயலாளர் பக்கத்து எழுத்துச் சம்மதம் முதலில் வேண்டும். சத்தியக்கடதாசியில் நீங்கள் வாங்குவது அவருடைய வாக்கை மட்டும்தான். அவர் இறந்தால் காணி சட்டப்படி அவருடைய பின்னுரித்தாளிக்குப் போகும், உங்களுக்கு இல்லை. வங்கியும் அதை ஈடாக எடுக்காது. ஒரு அரை ஏக்கரில் பதினைந்து தென்னை வைத்து, மதில் கட்டி, குழாய்க்கிணறும் அடித்துவிட்டு வழக்கு வாசலில் நிற்கிறவரை எனக்குத் தெரியும்.

உறுதிக் காணியாகவே கிடைத்தாலும் கிளிநொச்சி யாழ்ப்பாணத்தில் இருந்து 65 கிலோமீற்றர் அளவு. கிழமைக்கு இரண்டு நாள் வந்து போகிற வேலை என்றால் யோசிக்கலாம். ஆறு நாள் வேலைக்கு இல்லை. பளை, எழுதுமட்டுவாள், முகமாலைப் பக்கம் மலிவாகக் காட்டினால் கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த காணியா என்று பிரதேச செயலகத்தில் கேட்காமல் உள்ளே கால் வைக்கவும் வேண்டாம்.

கேள்வி: ரவுனில் இருந்து பண்ணைப் பாலம் தாண்டினால் மண்டைதீவு, அல்லைப்பிட்டி. பக்கத்திலேயே இருந்தும் விலை ஏன் குறைவு? 2025 இல் மண்டைதீவில் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டினார்களே, இப்போதே வாங்கிப் போட்டால் லாபமா?
– வியாபாரி, யாழ்ப்பாணம்

நீங்கள் கேட்பது வீடா, சூதா? சூது என்றால் என்னிடம் கேட்காதீர்கள். அடிக்கல்லை நம்பி விலை கொடுத்தவர்கள் வரலாற்றில் நிறையப் பேர்.

வீடு என்றால் விடை தண்ணீர். இங்கே மழைத்தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்புத்தண்ணீருக்கு மேலே ஒரு படையாக மிதந்துகொண்டு நிற்கிறது. தீவுப்பகுதியிலும் கடனீரேரிக் கரையிலும் அந்தப் படை மெல்லியது. துலாவில் அள்ளின காலத்தில் அது தாக்குப்பிடித்தது. இப்போது இரண்டு குதிரைவலு மோட்டாரைப் போட்டுத் தாங்கியை நிரப்பினால் கீழே இருக்கிற உப்பு மேலே வந்துவிடும், ஒருமுறை வந்தால் போக நல்ல மாரி ஒன்றிரண்டு வேண்டும். அதனால்தான் வீடு பார்க்கிறவர்களிடம் எப்போதும் ஒன்று சொல்லுவேன். புரட்டாதிக் கடைசியில், மழைக்கு முதல், கிணற்றுத் தண்ணீரை ஒரு செம்பு அள்ளிக் குடித்துப் பாருங்கள். தை மாதம் குடித்தால் யாழ்ப்பாணத்தில் எந்தக் கிணறும் இனிக்கும். பிறகு கார்த்திகையில் இன்னொருமுறை போய் வெள்ளம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 2024 நவம்பர் மழையில் வாசல் வரை வந்ததா என்று வீட்டுக்காரரைக் கேட்கக் கூடாது, எதிர் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்க வேண்டும், அவர்கள் படம் எடுத்து வைத்திருப்பார்கள்.

வலிகாமத்தில் தண்ணீர் நன்னீர்தானே என்று நினைக்கவும் கூடாது. செம்மண் தோட்டங்களுக்குப் போட்ட பசளை கிணற்றுக்குள் நைத்திரேற்றாக இறங்கியிருக்கிறது, நாக்குக்குத் தெரியாது. சுன்னாகம் பக்கம் கிணறுகளில் எண்ணெய் படிந்த கதையும் ஊருக்குத் தெரியும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற வீடு என்றால் ஒரு போத்தல் தண்ணீரை ஆய்வுகூடத்துக்குக் கொடுத்துச் சோதியுங்கள், வீட்டு விலையோடு பார்த்தால் அந்தச் செலவு ஒன்றுமில்லை.

தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறந்தார்கள், குழாய்த் தண்ணீர் பல இடங்களுக்குப் போகிறது. நீங்கள் பார்க்கிற ஒழுங்கைக்குள் குழாய் தாட்டிருக்கிறதா, பக்கத்து வீட்டு மீற்றர் ஓடுகிறதா என்று நேரில் பாருங்கள். ஓடினால் தீவுக் காணியைப் பற்றி என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். ஓடாவிட்டால் மாதா மாதம் பவுசர் தண்ணீருக்கு என்ன செலவு என்று அங்கே இருக்கிறவர்களிடம் கேட்டு, அதை உங்கள் கடன் தவணையோடு கூட்டுங்கள்.

கேள்வி: லண்டனில் இருக்கிற மாமா அச்சுவேலியில் வீடு வாங்க 50 இலட்சம் தருகிறார். ஆனால் உறுதி தன்னுடைய பேரில் இருக்க வேண்டுமாம், நாங்கள் இருக்கலாமாம். அவர் பிரித்தானியப் பிரஜை.
– உரும்பிராய் வாசகி

பிள்ளை, மாமாவிடம் இரட்டைக் குடியுரிமை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் அவர் இங்கே பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் பேரில் காணி கைமாற்றுவதைத் தடுக்கிறது. முதுசமாக வருவது வேறு, விலைக்கு வாங்குவது வேறு. இரட்டைக் குடியுரிமை இருந்தால் அவர் பேரில் வாங்கலாம், அப்போது நீங்கள் அவருடைய வீட்டில் இருக்கிறவர்கள், அவ்வளவுதான்.

உங்கள் பேரில் வாங்குவதென்றால் 50 இலட்சம் கடனா அன்பளிப்பா என்று இப்போதே ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வையுங்கள். மாமா தங்கமானவராக இருப்பார். மாமாவின் பிள்ளைகளை நீங்கள் எத்தனை தரம் கண்டிருக்கிறீர்கள்? திருமணத்துக்குப் பிறகு வாங்குவதால் தேடியதேட்டம், அதாவது கலியாணத்துக்குப் பிறகு தேடிய சொத்து, என்ற பேச்சும் வரும், உங்கள் கணவரையும் இருத்தி வைத்துக்கொண்டே கதையுங்கள். கொஞ்சம் மனம் நோகும்தான், பிறகு நோகிறதை விட இது சின்ன நோவு.

அச்சுவேலியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நல்ல ஊர், சந்தையும் கிட்ட. மரக்கறிக்காகவே போகலாம்.

கேள்வி: எல்லாம் பொருந்தி வந்த ஒரு வீடு, கைதடியில். ஆனால் கிணறு தென்மேற்கு மூலையில் இருக்கிறது. மாமியார் ஈசான மூலையில் இல்லாத கிணறு ஆகாது, வேண்டவே வேண்டாம் என்கிறா. என்ன செய்ய?
– ஒரு மருமகள்

மனையடி சாத்திரத்தில் மாமியாரோடு வாதாட எனக்குத் தகுதி இல்லை, துணிவும் இல்லை. ஆனால் ஒரு நூறடி நாடாவை எடுத்துக்கொண்டு அவவையும் கூட்டிக்கொண்டு அந்த வளவுக்குப் போங்கள். கிணற்றில் இருந்து மலசலகூடக் குழி எத்தனை அடி என்று அளவுங்கள். உங்கள் குழியை மட்டும் அளந்தால் போதாது, மேற்குப் பக்கத்து வீட்டுக் குழி, பின்வளவுக் குழி, இரண்டையும் அளவுங்கள். நம்முடைய நிலம் சுண்ணக்கல், ஓட்டை ஓட்டையாக இருக்கும், குழியில் விட்டது கிணற்றுக்குப் போக அதிக நாள் எடுக்காது. மூன்றில் எதுவாவது 50, 60 அடிக்குள் வந்தால் மாமியார் சொன்னதுதான் சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள், அவவுக்கும் சந்தோசம். மூன்றும் தள்ளி இருந்தால் அங்கேயே ஒரு வாளி அள்ளி அவவின் கையாலேயே தேத்தண்ணி போடச் சொல்லுங்கள். தண்ணீர் நல்லதென்றால் தேத்தண்ணியின் நிறத்திலேயே தெரியும், அது அவவுக்கு என்னை விட நன்றாகத் தெரியும்.